பிளேட்டோ நிலத்துக்கு நான்கு எல்லை

முதலில் எதை வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரத்தில் தேடினால் அதுதான் முதலில் கண்ணில் படும். அட்டையில் ஒரு தாடிக்காரர் சிலை, 380 ரூபாய், டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் எழுதிய கிரேக்கத் தத்துவ ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகள், ஆங்கிலத்தில். மொழிபெயர்த்தவர் யார் என்று எங்கேயும் போட்டிருக்காது. நான் ஏமாந்தது அதில்தான். அது 1853-இல் யாங் என்பவர் செய்த மொழிபெயர்ப்பு. உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் ஸ்கேன் செய்ததை ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்தின் தலைப்பு வாக்கியத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது, கிரேக்க எழுத்து வர வேண்டிய இடத்தில் சதுரமும் கேள்விக்குறியும், அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லை, கடைசியில் பெயர் அகராதியும் இல்லை. 80 பேருக்கு மேல் வருகிற புத்தகத்தில் பெயர் அகராதி இல்லையென்றால் அது சர்வே நம்பர் போடாத பத்திரம் மாதிரி, நிலம் எங்கேயோ இருக்கிறது, தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கே போனாலும் பத்திரத்தை இழுக்கிறேனே என்று பார்க்காதீர்கள், தொழில் அது. தர்மபுரியில் 26 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். முகூர்த்த நாள் என்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது, ஆடி மாதம் வந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான், நிலம் வாங்குகிறவர் ஒருவரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அந்த ஆடியில்தான் இதைப் படித்தேன். முதலில் மேலே சொன்ன குப்பை. அப்புறம் பெங்களூருக்கு ஒரு வேலையாகப் போனபோது சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் பச்சை அட்டை போட்ட இரண்டு தொகுதிகள் கிடைத்தன. பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை மூலத்தோடு போடுகிற லோப் வரிசையில் 184, 185 எண் போட்டவை, ஹிக்ஸ் மொழிபெயர்த்து 1925-இல் முதலில் வந்தது. இந்த மதிப்புரை அந்தப் பச்சைப் புத்தகங்களைப் பற்றித்தான்.

உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, கெட்டி அட்டை, இடது பக்கம் கிரேக்கம், வலது பக்கம் ஆங்கிலம். கிரேக்கம் எனக்கு ஒரு எழுத்து தெரியாது, ஆனாலும் மூலம் பக்கத்திலேயே இருப்பது ஒரு தைரியம், ஒரிஜினலை வைத்துக்கொண்டு நகலைப் படிக்கிற தைரியம். அடிக்குறிப்பு தேவையான அளவு உண்டு, பெயர் அகராதி உண்டு. ஹிக்ஸின் ஆங்கிலம் கொஞ்சம் பழைய வாத்தியார் ஆங்கிலம், சில வாக்கியத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும். பத்திரத்தில் "மேற்படி சொத்தில் மேற்படியார்" என்று எழுதி எழுதிப் பழகிய எனக்கு அது பெரிய சிரமமாகத் தெரியவில்லை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? மொத்தம் 10 புத்தகங்கள், நம் கணக்கில் 10 பாகங்கள். முதல் தொகுதியில் 5, இரண்டாவதில் 5. எழுதியவர் கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்காரராக இருக்க வேண்டும் என்கிறார்கள், அவரைப் பற்றி அதற்கு மேல் அனேகமாக ஒன்றுமே தெரியாது. மற்ற எல்லோருடைய வரலாற்றையும் எழுதியவருக்கு வரலாறு இல்லை. அவர் தத்துவத்தை ஒரு வம்சாவளியாகப் பார்க்கிறார். அயோனியா பக்கம் ஒரு கிளை, இத்தாலி பக்கம் ஒரு கிளை, இன்னாருக்கு இன்னார் சீடர், அவருக்கு இன்னார் சீடர் என்று கோடு போட்டுக்கொண்டே போகிறார். வைணவர்கள் குருபரம்பரை சொல்வது போல. சாக்ரடீஸ் தெருவில் ஒரு பையனைக் கம்பை நீட்டி மறிக்கிறார், சாமான் எல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார், பையன் சொல்கிறான், அப்படியானால் மனிதன் நல்லவனாக ஆவது எங்கே கிடைக்கும் என்கிறார், பையன் விழிக்கிறான், "என் கூட வா" என்கிறார். அந்தப் பையன் ஜெனோபன். பிறகு பல வருடம் கழித்து, சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்து ஏதென்சில் வந்து நிற்கிற ஜீனோ ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்து, இதே ஜெனோபன் சாக்ரடீசைப் பற்றி எழுதியதைக் கேட்டுவிட்டு, இந்த மாதிரி ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கடைக்காரரைக் கேட்கிறார். அந்த நேரம் பார்த்து கிரேட்டஸ் என்கிற தத்துவ ஞானி தெருவில் போகிறார். "அதோ, அவர் பின்னால் போ." ஜீனோவின் ஸ்டோயிக் என்கிற தத்துவ மரபு ஆரம்பித்தது அப்படித்தான் என்கிறது புத்தகம். இரண்டு காட்சியும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது என்பது படிக்கிற யாருக்கும் தெரியும், எழுதியவருக்கும் தெரிந்திருக்கும், அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வம்பு கேட்கத்தான் நீங்கள் வாங்குவீர்கள் என்றால் ஆறாம் பாகத்தில் ஆரம்பியுங்கள், ஒன்றாம் பாகத்தில் வேண்டாம். பெரிய மண் ஜாடியில் குடியிருந்த டயோஜெனிஸ் (எழுதியவர் இல்லை, இவர் வேறு, சினோப்பேக்காரர்) அங்கேதான் வருகிறார். மனிதன் என்பவன் இரண்டு காலுள்ள, இறகில்லாத பிராணி என்று பிளேட்டோ விளக்கம் சொல்ல, இவர் ஒரு கோழியை இறகு பிய்த்துக் கொண்டுபோய் "இதோ பிளேட்டோவின் மனிதன்" என்று வகுப்பில் போடுகிறார். அதற்குப் பிறகு "அகன்ற நகமுள்ள" என்று ஒரு ஷரத்து சேர்த்தார்களாம். ஒரு ஷரத்து விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் எங்கள் தொழிலிலேயே பார்த்ததில்லை. இதே பாகத்தில் ஹிப்பார்க்கியா என்கிற பெண் வருகிறாள், தறியை விட்டுவிட்டு வந்தவளா நீ என்று ஒருவன் நக்கல் செய்ய, தறியில் போக இருந்த நேரத்தைப் படிப்பில் போட்டேன், அது தப்பா என்று கேட்கிறாள். கேட்டவன் வாயடைத்துப் போனானா என்று புத்தகத்தில் இல்லை, போயிருப்பான்.

இதெல்லாம் நிஜமா? அதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அந்த ஜாடிக்காரர் எப்படிச் செத்தார் என்பதற்கு மட்டும் மூன்று கதை. பச்சை ஆக்டோபஸ் தின்று, நாய் கடித்து, மூச்சை அடக்கி. லேர்ட்டியஸ் மூன்றையும் எழுதிவைக்கிறார், யார் சொன்னது என்றும் பெரும்பாலும் பெயர் போடுகிறார், எது சரி என்று தீர்ப்புச் சொல்வதில்லை. படித்தவர்கள் அவரை இதற்காகவே திட்டுகிறார்கள். எனக்கு இது குறையாகப் படவில்லை. எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை, பாத்தியம் யாருக்கு என்று சொல்வது கோர்ட்டின் வேலை. அவர் சலித்து எடுத்து ஒன்றை மட்டும் வைத்திருந்தால், அவர் பார்த்த நூற்றுக்கணக்கான நூல்களில் இருந்தது இன்று நம் கைக்கு வந்தே இருக்காது, அந்த மூல நூல்களில் பெரும்பாலானவை அழிந்து போய்விட்டன.

இன்னொரு பழக்கம் அவருக்கு. ஒவ்வொருவர் கதை முடிந்ததும் அதே பெயரில் வேறு எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு பட்டியல் போடுவார். தேலீஸ் என்று இத்தனை பேர், ஒருவர் சொற்பொழிவாளர், ஒருவர் ஓவியர், இப்படி. முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன், அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவை, ஆத்திசூடி சொன்ன ஔவை, நாவல் மரத்தடியில் சுட்ட பழமா என்று முருகனிடம் தோற்ற ஔவை எல்லோரையும் ஒரே கிழவியாக்கி ஆயிரம் வருடத்துக்கு மேல் நடக்கவிட்ட ஊர்க்காரர்கள் நாம். அதியமான்கோட்டையைத் தினம் பஸ்ஸில் கடந்து போகிறோம். நம்மிடம் அப்போதே ஒருவர் இப்படிப் பெயர்ப் பட்டியல் போட்டு வைத்திருந்தால் எவ்வளவு சண்டை மிச்சம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புத்தகத்தில் 6 உயில்கள் இருக்கின்றன. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், தியோபிராஸ்டஸ், ஸ்ட்ராட்டோ, லைக்கோ, எபிகியூரஸ். யாரும் இதைச் சொல்லி இந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்து நான் பார்க்கவில்லை, எல்லோரும் கோழியையும் ஜாடியையும்தான் சொல்கிறார்கள். எனக்குப் புத்தகமே அந்த உயில்கள்தான்.

பிளேட்டோவின் உயில் மூன்றாம் பாகத்தில். படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், செக்குபந்தி (எல்லை விவரம்) போட்டிருக்கிறார் மனிதர். நான்கு பக்கமும். எங்கள் பாணியில் எழுதினால் இப்படி வரும்: இபிஸ்டியாடையில் உள்ள நிலம், கெபிசியா கோயிலிலிருந்து வரும் பாதைக்குத் தெற்கு, எராக்ளீஸ் கோயிலுக்கு வடக்கு, ஆர்க்கெஸ்ட்ராட்டோஸ் நிலத்துக்கு மேற்கு, பிலிப்போஸ் நிலத்துக்குக் கிழக்கு. இதற்கு உட்பட்டதை யாரும் விற்கவோ பராதீனம் (வேறு வகையில் கைமாற்றம்) செய்யவோ கூடாது, பையன் அடெய்மாந்தஸுக்குச் சேர வேண்டியது. இன்னொரு நிலம் கல்லிமாக்கஸிடம் கிரயம் வாங்கியது, அதற்கு மேற்கு எல்லை கெபிசோஸ் ஆறு. ஆற்றை எல்லையாகப் போட்டால் பின்னால் தகராறு வரும் என்று எந்த ரைட்டரும் சொல்வார், ஆறு நகரும். விஸ்தீரணம் போடவில்லை, அது ஒரு குறை. ரொக்கம் 3 மினா, 165 திராக்மா எடையுள்ள ஒரு வெள்ளிப் பாத்திரம், 45 திராக்மா எடையில் ஒரு கிண்ணம், தங்க மோதிரமும் காதணியும் சேர்த்து எடை. கல் வேலை செய்கிற யூக்ளிடஸ் தர வேண்டியது 3 மினா. நான் யாருக்கும் பாக்கி இல்லை. வீட்டுச் சாமான்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதன் நகல் டெமெட்ரியஸிடம் இருக்கிறது. நிறைவேற்றுகிறவர்கள் ஏழு பேர், அவர்களில் நிலத்துப் பக்கத்துக்காரர் பெயரும் நிலத்தை விற்றவர் பெயரும் வருகின்றன, அக்கம்பக்கத்தில் சுமுகமாக இருந்திருக்கிறார் போல.

பெரிய ஆச்சரியம் என்னவென்றால், அவர் நடத்திய அகாடமியைப் பற்றி அந்த உயிலில் ஒரு வரிகூட இல்லை. அவருக்குப் பின் அதை ஏற்றவர் அக்காள் தங்கை வழி மருமகன் ஸ்பியூசிப்பஸ், அந்தப் பெயர் நிறைவேற்றுகிறவர்கள் வரிசையில் மட்டும் இருக்கிறது.

அப்புறம், இதையும் சொல்ல வேண்டும். வெள்ளிக் கிண்ணத்துக்கும் வர வேண்டிய கடனுக்கும் அடுத்த வரியில் மனிதர்கள் வருகிறார்கள். ஆர்டெமிஸ் என்கிற பெண்ணை விடுதலை செய்கிறேன், டைக்கோன், பிக்டாஸ், அப்பொல்லோனிடஸ், டயோனிசியஸ் என்ற நான்கு வேலைக்காரர்களை விட்டுச் செல்கிறேன். சொத்து விவரத்தில் ஆள் பெயர். அந்தப் பக்கத்தை நான் வேகமாகத் திருப்ப முடியவில்லை. அவர் எழுதிய நீதியைப் பற்றிய உரையாடலை யாராவது புகழும்போதெல்லாம் இந்த நான்கு பெயரும் எனக்கு ஞாபகம் வருகிறது.

அரிஸ்டாட்டிலின் உயில் வேறு மாதிரி, அது ஐந்தாம் பாகத்தில். "மனித வாழ்வு நிலையற்றது என்பதை உணர்ந்து" என்றுதான் நாங்கள் உயில் ஆரம்பிப்போம், தர்மபுரி மாவட்டத்தில் ஆயிரம் பேர் என் கையால் அப்படி ஆரம்பித்திருக்கிறார்கள். தத்துவ ஞானிகள் ஆறு பேரில் ஒருவர்கூட அதை எழுதவில்லை! அரிஸ்டாட்டில் எல்லாம் நல்லபடியே நடக்கும், ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால், என்று வீட்டில் பேசுவது போல ஆரம்பிக்கிறார். மாப்பிள்ளையாக அவர் நினைத்திருக்கிற நிக்கானோர் ஊர் திரும்பும் வரை யார் யார் பொறுப்பு, மகளை யாருக்குக் கட்டிக் கொடுப்பது, மகள் கல்யாணத்துக்கு முன்போ பின்போ ஏதாவது ஆனால் என்ன, நிக்கானோருக்கே ஏதாவது ஆனால் என்ன என்று ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு போகிறார். கூட வாழ்ந்த ஹெர்பிலிஸுக்கு அவர் எழுதியிருப்பதுதான் எனக்குப் பிடித்தது. அவள் என்னிடம் நல்லபடியாக இருந்தாள், மறுபடி கல்யாணம் செய்துகொள்ள விரும்பினால் தகுதியானவனாகப் பாருங்கள், ஏற்கெனவே கொடுத்ததுக்கு மேல் ஒரு டாலன்ட் வெள்ளி கொடுங்கள், கால்கிஸில் இருக்க விரும்பினால் தோட்டத்தை ஒட்டிய வீடு, ஸ்டாகிராவில் இருக்க விரும்பினால் என் அப்பா வீடு, எதை எடுத்தாலும் அதற்குத் தட்டுமுட்டுச் சாமான் வாங்கிப் போடுங்கள். முதல் மனைவி பிதியாஸ் ஏற்கெனவே இறந்துவிட்டாள். என்னை எங்கே புதைக்கிறீர்களோ அங்கேயே அவள் எலும்பையும் எடுத்துவந்து வையுங்கள், அது அவள் சொன்னது என்று ஒரு வரி. எழுதியது 445,270 வரிகள் என்று லேர்ட்டியஸ் கணக்குக் கொடுக்கிறார் இந்த மனிதருக்கு, அத்தனையிலும் எனக்கு இந்த ஒரு வரி போதும்.

பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் உயில் எழுத வந்திருந்தார், மேஜையில் இந்தப் புத்தகம் விரித்திருந்தது. "என்ன ரைட்டரே, இங்கிலீசுல என்னமோ வச்சிருக்கீங்க" என்றார். 2,300 வருஷத்துக்கு முந்தின உயில் ஐயா என்று ஹெர்பிலிஸ் ஷரத்தைச் சொன்னேன், அந்த அம்மா எந்த வீட்டில் இருக்கணும்னு அவங்களே சொல்லிக்கலாம்னு எழுதியிருக்காரு என்றேன். பெரியவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். "அப்படி எழுதினா எங்க ஊர்ல ரெண்டு பசங்களும் அந்த வீட்டுல இருக்கட்டும்னு கையைக் காட்டுவானுங்க, கெழவி ரோட்டுல நிப்பா. நீங்க வீட்டு நம்பரைப் போடுங்க" என்றார். போட்டேன். சாட்சி இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கினேன்.

அரிஸ்டாட்டிலுக்குப் பின் அவர் பள்ளியை நடத்திய தியோபிராஸ்டஸ் உயில்தான் இருப்பதிலேயே சாமர்த்தியமானது. அரிஸ்டாட்டில் வெளியூர்க்காரர், ஏதென்சில் நிலம் வாங்க உரிமை இல்லாதவர். தியோபிராஸ்டஸும் வெளியூர்தான், ஆனால் டெமெட்ரியஸ் (பிளேட்டோ உயிலில் வந்தவர் இல்லை, இவர் வேறு) என்ற செல்வாக்குள்ள சீடர் தயவால் சொந்தமாக ஒரு தோட்டம் கிடைத்தது. அந்தத் தோட்டம், நடைபாதை, ஒட்டிய வீடுகள் எல்லாவற்றையும் பத்துப் பேர் பெயர் சொல்லி எழுதிவைக்கிறார்: சேர்ந்து படிக்க விரும்புகிறவர்கள் அனுபவிக்கலாம், யாரும் பராதீனம் செய்யக் கூடாது, தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கோயில் சொத்து போலப் பொதுவில் வைத்திருக்க வேண்டும். டிரஸ்ட் பத்திரம் எழுதுகிற எவரும் இதைப் படிக்கலாம். உலகப் படம் வரைந்த பலகைகளைக் கீழ்த் தாழ்வாரத்தில் மாட்டச் சொல்வதுவரை விடவில்லை. முத்திரையிட்ட பிரதிகள் மூன்று, மூன்று பேரிடம்.

அவ்வளவு கெட்டிக்காரர் ஒரு இடத்தில் கோட்டை விட்டார். தோட்டம் பத்துப் பேருக்கு, ஆனால் புத்தகங்கள் மொத்தமும் நெலியஸ் ஒருவருக்கு. நெலியஸ் அதையெல்லாம் தன் சொந்த ஊர் ஸ்கெப்சிஸுக்குக் கொண்டுபோனார், அவர் வாரிசுகள் ராஜா பிடுங்கிக்கொள்வார் என்று பயந்து குழிக்குள் ஒளித்துவைத்தார்கள், ஈரமும் பூச்சியும் தின்றது போக மிச்சத்தைப் பிறகு விற்றார்கள். (இது லேர்ட்டியஸில் இல்லை, ஸ்ட்ராபோ என்கிற பழைய கிரேக்க ஆசிரியர் சொல்வது.) கட்டடம் ஒரு பக்கம், தஸ்தாவேஜு ஒரு பக்கம் என்று பிரித்தால் இதுதான். பள்ளியின் அடுத்த தலைவர் ஸ்ட்ராட்டோ பாடம் கற்றுக்கொண்டது அவர் உயிலில் தெரிகிறது. பள்ளியை லைக்கோவுக்குக் கொடுக்கிறேன், மற்றவர்களில் சிலருக்கு வயதாகிவிட்டது, சிலருக்கு நேரமில்லை, புத்தகங்களும் லைக்கோவுக்கே, நான் எழுதினவை நீங்கலாக. விருந்துக்கு வேண்டிய மெத்தையும் குவளையும்கூட லைக்கோவுக்கு. அந்த "வயதாகிவிட்டது, நேரமில்லை" வரியைப் படித்தபோது அந்த மற்றவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன், உயில் படித்துக் காட்டுகிற அறையில் நான் பல முகம் பார்த்தவன்.

கடைசி உயில் எபிகியூரஸுடையது, இரண்டாம் தொகுதியின் முடிவில். அந்தப் பத்தாம் பாகம் முழுக்க அவருக்கே. மூன்று கடிதங்களும் 40 முக்கியக் கோட்பாடுகளும் முழுதாக அங்கே இருக்கின்றன. லேர்ட்டியஸ் நகலெடுத்து வைக்காவிட்டால் அந்தக் கடிதங்கள் நமக்கு இல்லை, தத்துவம் தெரிந்தவர்கள் இந்தப் புத்தகத்தை மதிப்பது முக்கியமாக இதற்காகத்தான். உயிலில் என்ன வேடிக்கை என்றால், தோட்டத்தை (அவர் பள்ளி அங்கேதான்) நடத்தப்போகிற ஹெர்மார்க்கஸ் வெளியூர்க்காரர். அதனால் சொத்தை உள்ளூர்க் குடிமக்கள் இரண்டு பேர் பெயரில் எழுதி, ஹெர்மார்க்கஸும் கூட இருப்பவர்களும் அங்கே இருந்து படிக்க விட வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார். பெயர் ஒருவருக்கு, அனுபவம் இன்னொருவருக்கு. மாதம் 20-ஆம் தேதி எல்லோரும் கூட வேண்டும். இறந்துபோன நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மீஸ் என்கிற அடிமைக்கு விடுதலை, அந்த மீஸ் அவரோடு உட்கார்ந்து தத்துவம் படித்தவர். உயிரோடு இருந்தபோது ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்புங்கள், தோன்றும்போது விருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று நண்பருக்கு எழுதியவர் இந்த எபிகியூரஸ்தான், உலகம் பூராவும் சுகபோகி என்று பெயர் வாங்கியவரும் இவர்தான்.

குறைகள் இருக்கின்றன. பிளேட்டோவின் கருத்துகளை விளக்குகிற பகுதி சுத்தமாக ஓடவில்லை, பாடப் புத்தகத்துக் குறிப்பு போலப் பிரிவு பிரிவாக இருக்கிறது. நூல் பட்டியல்கள் பக்கம் பக்கமாக வரும், வில்லங்கச் சான்று படித்துப் பழகாதவர்கள் தாண்டிவிடலாம். எல்லாவற்றையும் விட மோசம் அவர் சொந்தக் கவிதைகள். ஒவ்வொருவர் சாவுக்கும் ஒரு நாலு வரி எழுதிச் சேர்த்துவிடுகிறார், நம் ஊர்ச் சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வாசகங்களே தேவலை. ஹிக்ஸ் அதில் சிலவற்றை எதுகை போட்டு மொழிபெயர்க்க முயன்றிருப்பது கூடுதல் தண்டனை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு 2018-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட பமேலா மென்ஷ் மொழிபெயர்ப்பு உண்டு. ஹோசூரில் வேலை பார்க்கிற மருமகன் வீட்டில் புரட்டினேன். ஆங்கிலம் இன்றைய ஆங்கிலம், படங்கள் நிறைய, கட்டுரைகளும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கனம், மடியில் வைத்துப் படிக்க முடியாது, மேஜை வேண்டும். ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்க வேண்டும் என்றால் அது. பஸ்ஸில், கடையில், ஆள் வந்தால் மூடிவைத்து ஆள் போனதும் திறக்க என்றால் பச்சைப் புத்தகம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதல் தொகுதி, ஐந்து உயில் அதில் இருக்கிறது. கோழி வேண்டும் என்றால் இரண்டாம் தொகுதி. நான் 5-க்கு 4 கொடுக்கிறேன், ஒன்றைக் குறைத்தது அந்தக் கவிதைகளுக்காக.

380 ரூபாய்ப் புத்தகத்தின் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. எழுத்துப் பிழை, சதுரம், அகராதி இல்லாதது என்று படம் எடுத்து விற்றவருக்குப் புகார் அனுப்பினேன், வாசகரின் எதிர்பார்ப்பு மாறுபடலாம் என்று ஒரு பதில் வந்தது. விட்டுவிட்டேன். பிறகு ஏழாம் பாகத்தின் கடைசியில், ஸ்டோயிக் மரபுக்காரரான கிரிசிப்பஸ் எழுதிய 705 நூல்களின் பட்டியல் பாதியில் அறுந்து நின்றது, அதோடு பாகமே முடிந்துவிட்டது. பக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றன என்று கோபத்தில் இரண்டாவது புகார் அனுப்பினேன். மூன்றாம் நாள் முழுப் பணமும் திரும்பி வந்தது. பச்சைப் புத்தகம் வாங்கிய பிறகுதான் பார்த்தேன், அதிலும் அதே இடத்தில்தான் நிற்கிறது, மூலக் கையெழுத்துப் பிரதியிலேயே அந்தப் பாகத்தின் கடைசிப் பக்கங்கள் காணாமல் போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.